இச்சிகு குபோட்டாவுக்கு ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானியத் துணிக்கலை பற்றி எழுதும்போது இச்சிகு குபோட்டாவை (1917–2003) விட்டுவிடாதீர்கள். 14 வயதில் சாயத்தொழிலுக்கு வந்தவர். 20 வயதில் டோக்கியோ அருங்காட்சியகத்தில் ஒரு பழந்துணித் துண்டைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். 'சுஜிகஹானா' என்ற அந்தச் சாயக்கலை எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. சொல்லித்தர ஆளே இல்லை. அப்புறம் போர், சைபீரியாவில் கைதி வாழ்க்கை. 40 வயதில்தான் தானாகவே சோதித்துச் சோதித்துக் கற்கத் தொடங்கினார்.

பட்டில் வரைந்த கோட்டின் மேல் நூலோட்டி, இழுத்துச் சுருக்கி, இறுகக் கட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். அலசிப் பிரித்து, மறுபடியும் கட்ட வேண்டும். ஒரே கிமோனோவுக்கு (ஜப்பானியரின் மரபு அங்கி) இப்படி எத்தனையோ முறை! கட்டின சுருக்கம்கூடத் துணியில் மேடுபள்ளமாக நிற்கும்.

முதல் கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது 60. 'ஒளியின் சிம்பொனி' வரிசையில் ஒரு கிமோனோவின் நிலக்காட்சி பக்கத்துக் கிமோனோவில் தொடரும். 80 கிமோனோக்கள் என்று திட்டமிட்டார், முடிப்பதற்குள் காலமானார். கவாகுச்சி ஏரிக்கரையில் 1994இல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

இவருக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். படங்கள் வண்ணத்தில் வரட்டும். கருப்பு வெள்ளையில் போட்டால் பாதிக் கலை போய்விடும்.

தங்கள் வாசகர்