கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து நோன்பு நாட்கள் வந்தால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஆலயங்களில் மன்னிப்பைப் பற்றி ஒரு பிரசங்கமாவது இருக்கும். பெரும்பாலும் பைபிளில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமைதான்: ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனுக்கு ராஜா முழுக்கடனையும் விட்டுவிடுகிறார்; அவனோ தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை விடாமல் சிறையில் போடுகிறான். அந்த நூறு வெள்ளிப்பணத்தை 'சில்லறைக் கடன்' என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கோளாறு அங்கேதான்.

மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து ஆளுக்கு நாள் கூலி ஒரு பணம். அதே நாணயம்தான் இதுவும். ஆக இது நூறு நாள் கூலி. சித்தாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய். பீடி சுற்றிப் பிழைக்கிற வீட்டில் போய் இதைச் சில்லறை என்று சொல்லிப் பாருங்கள்! ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்துக்கு 6 கோடி நாள் கூலி ஆகிறது. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருஷம். நமக்குப் பிறர் செய்த தீங்கு அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை. வலிக்கிற தொகைதான், அதையும் விடச் சொல்கிறார்.

அந்த ஊழியக்காரன் கேட்டது தவணை: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." அவனையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் விற்கச் சொன்ன ராஜா, மனமிரங்கி அவனை விடுவித்தது இரக்கம். கேட்காத தள்ளுபடியையும் கொடுத்தது கிருபை. எபிரெயர் 4:16 இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது: இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயம் செய்யும் கிருபையை அடையவும் வரச் சொல்கிறது. ஆனால் அவன் புத்தி தவணையிலேயே நின்றுவிட்டது. இன்னும் கட்ட வேண்டியவன் என்ற நினைப்பிலேயே வெளியே வந்தான் போலிருக்கிறது, வசூலுக்குக் கிளம்பிவிட்டான். காணிக்கையையும் உபவாசத்தையும் கடவுளுக்குக் கட்டும் தவணையாக எண்ணுகிறவர்கள் மருமகளிடமும் வேலையாளிடமும் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம்.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. 'ஏழெழுபதுதரம்' மன்னிக்க வேண்டும், அதாவது எத்தனை தரமானாலும் மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தைப் பெண்ணுக்குச் சொல்லி, குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமே அவளைத் திருப்பி அனுப்புவது. அதே அதிகாரத்தில் இந்த உவமைக்கு முன்பே 15 முதல் 17 வரை வசனங்கள் இருக்கின்றன. முதலில் தனியே போய்க் குற்றத்தை உணர்த்து. கேளாவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. இது கூடப்பிறந்தவனைப் போன்றவனோடு வரும் பிணக்குக்கான வழி. கை ஓங்குகிறவன் முன்னால் அவளைத் தனியே நிறுத்தச் சொல்வதற்கு அல்ல. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்வதோ போலீசில் புகார் கொடுப்பதோ மன்னிப்புக்கு விரோதமில்லை. பழிவாங்கும் எண்ணத்தை விடுவது மன்னிப்பு. நம்பிக்கை வேறு; அது நடத்தையைப் பார்த்துத் திரும்ப வர வேண்டியது. ஏமாற்றியவரை மன்னித்தவர் அவருக்கே மறுபடி கடன் கொடுக்க வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை.

பணக்கடனையே விடுவதாக இருந்தால் அரைகுறையாக விடாதீர்கள். எவ்வளவு தொகை, அசலா வட்டியும் சேர்த்தா என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்றால் எதிராளி வருஷக்கணக்கில் தலைகுனிந்து நடப்பார். புரோநோட்டின் பின்பக்கம் 'பாக்கி இல்லை' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு அவர் கையிலேயே கொடுங்கள். (மூன்று வருஷம் கழிந்து காலாவதியான நோட்டைக் கிழித்துவிட்டு மன்னித்தேன் என்பது கணக்கில் சேராது.) பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கைப் பிடித்து அதைச் சொல்லாதீர்கள். கடன் வாங்கியவரும் குடும்பத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உபதேசியார்,
காட்பாடி.