போவைப் போகவிடாதீர்கள்: ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல் (நவம்பர் 2025)

மதிப்புக்குரிய திரு. மார்க் ஷபைரோ, திரு. ரொஸ் அட்கின்ஸ் மற்றும் அணி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் ஆட்டக்காரர் போ பிஷெட்டைப் போகவிடாதீர்கள்.

பேஸ்போலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்தது, அவரது ஒப்பந்தமும் முடிந்தது. இனி எந்த அணியும் அவரை வாங்கலாம். விதிப்படி நீங்கள் நீட்டிய ஒரு வருட, 22.025 மில்லியன் டொலர் அழைப்பைப் பற்றி எங்களுக்கும் தெரியும். அவர் வேறிடம் போனால் உங்களுக்கு ஒரு டிராஃப்ட் தெரிவு, அதாவது ஓர் இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கிடைப்பதற்கான நடைமுறை அது. ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்லிக் கேட்பவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் என் அப்பா. 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோ வந்தவர். இரவு வேலையில் பக்கத்தில் நின்ற ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் பேஸ்போல் கற்றுக்கொண்டவர். 1993 ஒக்டோபர் 23 அன்று ஜோ கார்ட்டர் அடித்த பந்து சுவரைத் தாண்டியபோது என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குடியிருப்பின் நடைபாதையில் ஓடியவர். எனக்கு அப்போது எட்டு வயது. இந்த மடலில் உள்ள பாதி அவருடைய பேச்சு. அவர் வாசித்துச் சரி பார்க்க வேண்டும்.

வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம் நடந்த நவம்பர் 1 இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, ஓர் இடத்தைத் தவிர. பதினோராவது இனிங்ஸ். வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னால் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் 5-4 என்று முன்னுக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் முதல் ஆளாக விளாட் குரேரோ வந்து டபுள் அடிக்கிறார். இரண்டாம் பேஸில் சமநிலை ஓட்டம் நிற்கிறது, ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. வரிசையில் அடுத்த இடம் போவுடையது.

போ இல்லை.

ஒன்பதாவது இனிங்ஸில் அவர் ஒற்றை அடி அடித்து முதல் பேஸுக்குப் போயிருந்தார். காயம்பட்ட அந்த முழங்காலோடு ஓட முடியாது என்பதால் அவருக்குப் பதிலாக ஐசயா கைனர்-ஃபலேஃபாவை ஓட விட்டீர்கள். அது சரியான முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. அதே கைனர்-ஃபலேஃபா நிரம்பிய பேஸ்களோடு வீட்டுத் தட்டில் நூலிழையில் ஆட்டமிழந்தார். அதற்காக அவரைத் திட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பதினோராவதில் போவின் இடத்தில் மட்டையோடு வந்தவரும் அவர்தான். சொன்னபடி பந்தை மெல்லத் தட்டிவிட்டு (அதைத்தான் பன்ட் என்பார்கள்) விளாடை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். ஓர் ஆட்டமிழப்பை நாங்களாகவே கொடுத்தோம். பார்ஜர் நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்கு நடந்து போனார். கர்க்கின் மட்டை உடைந்தது, பந்து பெட்ஸின் கைக்குப் போனது, ஒரே பந்தில் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள், டபுள் பிளே. முடிந்தது.

அப்பா தொலைக்காட்சியின் முன்னால் எழுந்து நின்றிருந்தார். தோற்றதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த பன்ட் விழுந்தபோதுதான் சொன்னார்: "இதுக்குப் போ வந்திருக்க வேணும்."

அன்றிரவு முதல் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். போ இல்லாத ரொறன்ரோ எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. விளாட் இரண்டாம் பேஸில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஆள் இல்லை. அடுத்த வருடம் 162 ஆட்டமும் அதைப் பார்க்கச் சொல்கிறீர்களா?

மூன்றாம் இனிங்ஸையும் நினைத்துப் பாருங்கள். முதல் பேஸ் காலியாக இருந்தது. விளாடுக்குப் பந்து போடப் பயந்து, அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டு, ஒற்றைக் காலோடு நிற்பவர்தானே என்று போவை எதிர்கொண்டார்கள். டொட்ஜர்ஸ் வீச்சாளர் ஒஹ்தானியின் முதல் பந்து. 442 அடி தூரம், மூன்று ஓட்டங்கள். விளாடையும் போவையும் தராசுத் தட்டில் வைத்து, விளாட் மட்டும்தான் கனம் என்று கணக்குப் போட்டவர்கள் அன்றைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நாற்பதாயிரம் பேருக்கு மேல் நேரில் பார்த்தார்கள். அதே கணக்கை நீங்கள் போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

விளாடுக்கு ஏப்ரலில் 14 வருடம், 500 மில்லியன் டொலர் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. பெப்ரவரியில் அவர் வைத்த கெடு பேச்சுவார்த்தை முடியாமலே கடந்துபோனதிலிருந்து, அந்தக் கையெழுத்து விழும்வரை நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். விளாடும் போவும் உங்கள் பண்ணையில், அதாவது கீழ்மட்ட அணிகளில், ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். 2018இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே அணியில் ஆடினார்கள். 2019இல் ஒரே பருவத்தில் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். ஒருவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மற்றவரை வாசலில் நிறுத்துவது எந்தக் குடும்பத்திலும் நல்லபடி முடிந்ததில்லை.

இந்தப் பருவத்தை நீங்கள் எப்படிக் கணக்கெடுக்கிறீர்களோ தெரியாது. 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். அதே அணி இந்த வருடம் 94 வெற்றி, பத்து வருடங்களுக்குப் பிறகு பிரிவில் முதலிடம். கேட்க நேர்கோடு மாதிரி இருக்கிறது, பார்த்த எங்களுக்கு அது நேர்கோடாக இருக்கவில்லை. மே மாதக் கடைசி வரை வென்றதும் தோற்றதும் ஏறக்குறையச் சரிபாதி. பிறகு கனடா தினத்தன்று ஸ்பிரிங்கர் ஏழு ஓட்டங்களை அடித்துக் கொடுக்க, அந்த வாரம் நியூ யோர்க் யாங்கீஸை நான்கு ஆட்டங்களிலும் துடைத்தெடுத்தோம். ஓகஸ்டில் கொலராடோவை 20-1 என்று வென்றோம். செப்டெம்பரில் கன்சாஸ் சிற்றியிடம் அதே 20-1இல் தோற்றோம். ஆறு வாரம்தான் இடைவெளி. கையிலிருந்த முன்னிலையை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, யாங்கீஸோடு சமமாகி, கடைசி நாளில் டம்பா பேயை 13-4 என்று வென்று, நேருக்கு நேர் ஆட்டங்களில் முந்தியிருந்ததால் மட்டும் தப்பினோம்.

அந்தச் சறுக்கலுக்கு முன்னால் என்ன நடந்தது என்று திரும்பிப் பாருங்கள். செப்டெம்பர் 6, நியூ யோர்க். வீட்டுத் தட்டை நோக்கி ஓடிவந்த போ, எதிரணிக் கேச்சரின் கால்காப்பில் முழங்காலை இடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பருவம் முடியும்வரை அவர் இல்லை. பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் யாங்கீஸுக்கு எதிரான தொடரிலும் இல்லை, சியாட்டிலுக்கு எதிரான ஏழு ஆட்டங்களிலும் இல்லை. அத்தனைக்கும் அவர் அந்த வருடம் .311 சராசரியில் அடித்திருந்தார், 94 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்திருந்தார். முந்தைய வருடம் அதே மனிதர் .225. அணியின் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த ஓர் ஆளின் உடம்பில் எழுதியிருந்தது.

ஏழு வாரம் கழித்து, ஒக்டோபர் 24 அன்று, வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் வந்தார். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவிலுள்ள ஷோர்ட்ஸ்டொப் என்ற தன் வழக்கமான இடத்தில் நிற்கக் கால் இடம் கொடுக்கவில்லை. பெரிய லீக்கில் ஒருநாளும் நின்றிராத இரண்டாம் பேஸில் நின்றார். "எனக்கு இந்த இடம்தான்" என்று அடம்பிடித்து, பெரிய ஒப்பந்தத்துக்கு முன்னால் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. உங்கள் அணிக்காக நொண்டிக்கொண்டு ஓடினார். அதை நீங்கள் கைம்மாறு இல்லாத உழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவர் மீது சொல்லப்படும் குறைகளை நான் மறைக்கவில்லை. ஷோர்ட்ஸ்டொப்பில் அவரது கை எட்டும் தூரம் குறைந்துவிட்டது. வேகம் முன்னைப்போல இல்லை. அணியிலுள்ள கிமெனெஸ் அந்த இடத்தை அவரைவிட நன்றாகக் காக்கிறார். எல்லாம் சரி. இரண்டாம் பேஸ் இருக்கிறதே! அங்கே நிற்க முடியும் என்பதை அவரே, உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில், காட்டிவிட்டாரே. 27 வயதுக்காரர். 2021, 2022 இரண்டு வருடங்களும் அமெரிக்கன் லீக்கில் அதிக ஹிட் அடித்தவர். இங்கேயே இருக்க விருப்பம் என்று வாய்விட்டும் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவுக்கு வரமாட்டோம் என்ற ஆட்களின் பின்னால் எவ்வளவு காலம் ஓடினோம்! 2023 டிசம்பரில் ஒஹ்தானி ஏறியிருப்பதாக நினைத்து ஒரு விமானத்தைத் தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து பியர்சன் விமான நிலையம் வரை இந்த நகரமே திரையில் பின்தொடர்ந்தது. அதில் அவர் இல்லை. வராதவருக்காக அப்படிக் காத்திருந்தவர்கள், வந்து இருப்பவரை அனுப்புவதா?

டியோஸ்கர் ஹெர்னாண்டஸை மறந்துவிட்டீர்களா? நாங்கள் மறக்கவில்லை. எங்கள் ஆட்டக்காரராக இருந்த அவரை 2022இல் சியாட்டிலுக்கு மாற்றிக்கொடுத்தீர்கள். அணியின் சமநிலை அப்படிக் கேட்டிருக்கலாம். இந்த வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டத்தில், லொஸ் ஏஞ்சலஸில், டொட்ஜர்ஸ் சட்டையோடு எங்களுக்கு எதிராக முதல் ஹோம் ரன்னை அடித்தவர் அவர். அந்த ஆட்டம் பதினெட்டு இனிங்ஸ் போனது. இங்கே அதிகாலை மூன்று மணியாகிக்கொண்டிருந்தது. ஃப்ரீமன் அடித்து அதை முடித்தபோது அப்பா தேநீர் வைக்கக் குசினிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரே ஓட்டத்தில் தோற்றோம். செமியன் போனார், ரொபி ரே போனார், டியோஸ்கர் போனார். ஒவ்வொரு முறையும் உங்கள் கையில் ஒரு காரணம் இருந்தது, எங்கள் வீட்டில் பெயர் பதித்த ஒரு சட்டை மிஞ்சியது. 2023இல் மினசோட்டாவில் நன்றாக வீசிக்கொண்டிருந்த எங்கள் வீச்சாளர் பெரியோஸை நான்காம் இனிங்ஸிலேயே வெளியே எடுத்ததும் கணக்குப்படிதான். அந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுத்துப் போயிருக்கிறோம். மொன்றியல் 2004இல் தன் அணியை இழந்த பிறகு இந்த நாட்டுக்கே உள்ள ஒரே அணி இது. வேறு எங்கே போவோம்? போகமாட்டார்கள் என்று தெரிந்தவர்களைத்தான் அதிகம் காக்க வைக்கிறார்கள்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தவன் கணக்குத் தீர்க்கத் தொடங்கிவிட்டேன். இந்த அணியைக் கட்டியதும் நீங்கள்தான் என்பதை மறக்கவில்லை. யாருக்கும் வேண்டாதிருந்த வீச்சாளர் லாவரைக் கூட்டிவந்தீர்கள். ஏப்ரலில் கீழ்மட்ட லீக்கில் வீசிக்கொண்டிருந்த யெசவேஜை ஒக்டோபரில் வேர்ல்ட் சீரிஸில் பந்தோடு நிறுத்தினீர்கள். ஐந்தாவது ஆட்டத்தில் அந்தப் பிள்ளை பன்னிரண்டு பேரை வீழ்த்தியபோது, எங்கள் தெருவில் பேஸ்போல் தெரியாத வீடுகளிலும் விளக்கு எரிந்தது. கிளெமென்ட் ஒரே வருடத்தின் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் முப்பது ஹிட் அடித்தார், அதற்கு முன் யாரும் அடித்ததில்லை. இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு, கண்ணெதிரே இருப்பவரின் மதிப்புத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் கேட்கிறேன்.

அவரது பெயரில் எங்கள் வீட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழில் 'போ' என்றால் 'புறப்படு' என்று அர்த்தம். அவர் பேஸ்களைச் சுற்றி ஓடும்போது அப்பா "போ! போ!" என்று கத்துவார், பெயரும் அதுவே, கட்டளையும் அதுவே. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்தச் சொல்லை நாங்கள் தனியாக விடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் யாரும் 'போறன்' என்று சொல்லிப் படியிறங்கமாட்டார்கள். 'போட்டு வாறன்' என்பார்கள், திரும்பி வருவேன் என்று. 1988இல் அப்பா தன் தாயிடம் அப்படித்தான் சொன்னார், திரும்பிப் போக முடியவில்லை. அவருக்கு இந்த வயதில், ஒரு ஆட்டக்காரர் போவதும் வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. டியோஸ்கர் போன இரவு அவர் சாப்பிடவில்லை.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். ஒரு வருடத்துக்கானதாக அல்லாமல், அவர் தகுதிக்கேற்ற நீண்ட ஒப்பந்தத்தோடு போ பிஷெட்டிடம் போங்கள். மற்ற அணிகள் விலை சொல்லும்வரை காத்திருக்காமல் முதலில் போங்கள். இரண்டாம் பேஸை அவருக்குக் கொடுங்கள். வரும் பருவம் இந்த அணிக்கு ஐம்பதாவது பருவம். மார்ச்சில் மைதானம் திறக்கும்போது ஐந்நூறாம் மட்டத்தில், இடது பக்கம், அப்பாவும் நானும் இருப்போம். விளாடுக்கு அடுத்ததாக எந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மரியாதையுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ரசிகன்