தெருவை நம்பாதே, மக்களே

தக்கலை

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நகரச் சண்டைப் பயிற்சியில் பத்துப் பேர் கொண்ட செக்ஷனை நீ நடத்தப்போகிறாய் என்று அறிந்ததும், பட்டாளத்தில் இருந்த காலத்தில் நான் படித்தவற்றை எல்லாம் மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில் இத்தாலியின் ஒர்டோனா நகரில் நடந்த சண்டையை நீ ஊன்றிப் படிக்க வேண்டும். ஜெர்மன் பாராசூட் படையினர் பக்கத்துச் சந்துகளை வீடுகளின் இடிபாடுகளால் அடைத்துவிட்டு, கனடிய வீரர்கள் முதன்மைத் தெரு வழியாகவே வந்தாக வேண்டும் என்று இயந்திரத் துப்பாக்கிகளுடன் காத்திருந்தார்கள். கனடியரோ தெருவையே கைவிட்டார்கள். குளச்சல் கடற்கரையில் இருப்பதுபோல அங்கும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றதால், மேல்மாடியில் பொதுச்சுவரை வெடிவைத்து உடைத்து, துளை வழியாக அடுத்த வீட்டுக்குள் கிரனேடை எறிந்து, புகை அடங்குமுன் நுழைந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு அறையாகப் பிடித்தார்கள். இதைச் செய்தவை சிறு குழுக்கள். எந்தச் சுவரை எப்போது உடைப்பது என்பதைப் பின்னால் இருக்கும் அதிகாரி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே உன் ஆட்களில் ஒவ்வொருவனும் நீ விழுந்தாலும் வேலையைத் தொடரத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

அதே போரில் ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சூய்கோவின் படையும் சிறு தாக்குதல் குழுக்களையே நம்பியது.

இதற்கு நேர்மாறாக, 1994 டிசம்பர் 31 அன்று ரஷ்யப் படை செச்சென்யாவின் தலைநகரான க்ரோஸ்னிக்குள் கவச வண்டிகளை வரிசையாக அனுப்பியது. வண்டிகளைக் காக்கும் காலாட்படை போதிய அளவில் இறங்கி நடக்கவில்லை. செச்சென் குழுக்கள் டேங்கின் பீரங்கி எட்டாத மேல்மாடிகளிலும் நிலவறைகளிலும் இருந்து ராக்கெட் குண்டுகளை எய்து, வரிசையின் முன்வண்டியையும் பின்வண்டியையும் முதலில் எரித்தன. நடுவில் சிக்கியவை நகர முடியாமல் அழிந்தன. ரஷ்யரின் மைக்கோப் படைப்பிரிவு அந்த ஒரே தாக்குதலில் சிதைந்துபோயிற்று.

இன்னொன்றும் உண்டு, மக்களே. ஒர்டோனாவின் நிலவறைகளில் ஊர்மக்கள் ஒளிந்திருந்தார்கள். 1945-இல் பிலிப்பைன்ஸின் மணிலா நகரில் நடந்த சண்டையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். ஜப்பானியப் படையினரின் படுகொலையும் அமெரிக்கப் பீரங்கிகளின் குண்டுகளும் சேர்ந்து அவர்களைக் கொன்றன. கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கக்கூடும் என்ற நிலையில் அறைக்குள் எப்படி நுழைவது என்று உங்களுக்குத் தனியாகப் பயிற்சி தருகிறார்களா என்பதை மறவாமல் எழுது.

அன்புடன்,
அப்பா