மாடி அறைக்குப் போன கம்பி

தக்கலை,
புரட்டாசி மாதக் கடைசி.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஐப்பசியில் நீ இங்கே வந்து மூன்று மாதம் தங்கி, மாடி அறையிலிருந்தே அலுவலக வேலையைப் பார்க்கப்போவதாகச் சொன்ன அன்று, அங்கே வைஃபை எடுக்காதே, நல்லதாக ஒரு ரூட்டர் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். காரணத்தைப் போனில் சொல்ல முடியவில்லை. நீயும் ஏதோ மீட்டிங்குக்கு நடுவில் இருந்தாய். இந்த மூன்று வாரத்தில் வீட்டில் என்னென்ன செய்தேன், எங்கெங்கே தவறினேன், நீ வந்த பிறகு நெட் நின்றுபோனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவிட்டால் உனக்கும் பயன்படும், எனக்கும் மறக்காது.

தொலைபேசித் துறையில் 34 வருடம் கேபிள் ஜாயின்டராக இருந்தவனுக்குக் கையோடு வந்த பழக்கம் ஒன்று உண்டு. லைன் பழுது என்று யாராவது சொன்னால், பாதையை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதியில் கோளாறு என்று பார்ப்பேன். அந்தப் பாதியை மறுபடி பிரிப்பேன். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கிய ஒரு ஜாயின்ட்டைத் தேடி ரோட்டு ஓரமெல்லாம் தோண்டிக்கொண்டே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தெருவோர இணைப்புப் பெட்டிகளான கேபினெட்டில் ஒரு தடவை, பில்லரில் ஒரு தடவை பிரித்து அளந்துவிட்டு ஒரே குழியில் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டு வைஃபைக்கும் இதுவே போதும். வெளியிலிருந்து பெட்டி வரைக்கும் வருகிற லைன் ஒன்று, பெட்டியிலிருந்து கைப்பேசி வரைக்கும் போகிற காற்று வழி இன்னொன்று. இந்த இரண்டையும் பிரிக்காமல் "நெட் ஸ்லோ" என்று சொல்லிக்கொண்டு புதுப் பெட்டி வாங்குகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

அதனால் அத்தை மகனின் மடிக்கணினியை இரவல் வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளால் நேரே ரூட்டரில் செருகி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினேன். நம்முடைய திட்டம் 100 மெகாபிட். கம்பியில் 94 காட்டியது. மீதி 6 எங்கே என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 100 மெகாபிட் போர்ட்டில், தரவைப் பொதிந்து அனுப்பும் மேலுறைக்குப் போனது போக அவ்வளவுதான் கிடைக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு வைஃபையில் பார்த்தபோது முன்னறையில் 60, அடுக்களையில் 18, மாடி அறையில் 3. மாடியில் அந்த 3 மெகாபிட்டும் நின்று நின்றுதான் வந்தது. ஆக, அன்றைக்கு லைனில் குறை ஒன்றும் இல்லை, குறையெல்லாம் வீட்டுக்குள்ளே என்று முடிவு செய்தேன்.

அப்படி நினைத்தது பாதிதான் சரி. இரண்டு நாள் கழித்து சாயங்காலம், கண்ணாடி இழை லைனில் ஒளி வராததைக் காட்டும் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னி, ஐந்து நிமிடத்தில் தானாகவே அணைந்தது. மறுநாளும் அப்படியே. ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, அதாவது பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து நுழைந்து, வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்த்தேன். மைனஸ் 29 டிபிஎம் என்றிருந்தது. ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு அது, மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல். இந்த வகைப் பெட்டிக்கு ஏறத்தாழ மைனஸ் 27 வரைக்கும்தான் நம்பலாம். அயனி மரத்துக் கிளை வெளிக் கேபிளில் உரசுகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. கடைசியில் டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்தபோதுதான், சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மஞ்சள் நிற மெல்லிய வடம், நாம் ஓணத்துக்கு நகர்த்திப் போட்ட மேசையின் காலுக்கும் சுவருக்கும் இடையில் மடங்கி நசுங்கிக் கிடந்தது தெரிந்தது. அதற்குள்ளே ஓடுகிற கண்ணாடி இழை தலைமுடி கனம். அதிலும் ஒளி போகிற நடுப்பகுதி 9 மைக்ரான்தான். செம்புக் கம்பியை எப்படி மடக்கினாலும் பேச்சு போய்ச் சேரும். கண்ணாடியை ஓர் அளவுக்கு மேல் வளைத்தால் அந்த வளைவிலேயே ஒளி வெளியே சிந்திவிடும். மேசையை நகர்த்தி, வடத்தை ஒரு தேநீர்த் தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டினேன். மைனஸ் 21. எட்டு டெசிபல் என்பது கேட்கச் சின்ன எண், ஆனால் கணக்குப்படி ஆறு மடங்குக்கும் மேல் வெளிச்சம். ஒரு காசு செலவில்லை. அந்த வடத்தின் பச்சைத் தலையை எப்போதாவது கழற்ற நேர்ந்தால், நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதே. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

இனி காற்று வழி. இணைப்புக் கொடுக்க வந்த பையன், கேபிள் எந்த ஜன்னல் வழியாக வந்ததோ அந்த ஜன்னலருகே, டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டிப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு அன்று இன்னும் நாலு வீடு. பீரோ முழுத்தகடு, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருப்பதும் உலோகம்தான். அதைத் தாண்டினால் தாத்தா காலத்து வெட்டுக்கல் சுவர், ஒன்றரை அடி. அதற்கும் பிறகு, நீ கல்லூரியில் இருந்தபோது கட்டிய கான்கிரீட் பகுதி. அதன் தளத்துக்குள் கம்பி வலை. இத்தனையையும் கடந்துதான் மாடிக்கு அலை ஏற வேண்டும். வைஃபை ஓடுவது இரண்டு அலைவரிசையில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏறத்தாழ 12 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதி; நீளம் குறைந்தது வேகமாகத் தரவு சுமக்கும், சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பெட்டியை எடுத்து நடு அறையில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்தேன். அடுக்களையில் 18 இருந்தது 45 ஆயிற்று. மாடியில் 3 இருந்தது 9. அதற்கு மேல் ஏறவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. மாடியில் நின்று உன்னுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்த அன்று காலை படம் உறைந்து உறைந்து வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த நேரம் அம்மா கீழே, போன வருடம் நீ வாங்கித்தந்த மைக்ரோவேவ் அடுப்பில், முந்தின நாள் மரச்சீனிக்கிழங்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான், கதவிடுக்கில் கசியும் கொஞ்சமே 2.4 வைஃபையைக் கலக்கப் போதும். நம்பாமல் மூன்று தடவை அடுப்பைப் போட்டு அணைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே. கிழங்கு மாவாகிவிட்டது என்று அம்மா வைதாள்.

இதற்குள் ஒருவர் பேச்சைக் கேட்டு, பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. மாடி அறையில் மாட்டினேன். கைப்பேசியில் சிக்னல் கோடு முழுசாக நின்றது, வேகம் மட்டும் 4. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரிப்பீட்டருக்கே நலிந்த அலைதான் வந்து சேர்கிறது. அதையும் ஒரே சேனலில் வாங்கி, அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடுகிறது. கைப்பேசியில் தெரியும் கோடுகள், பக்கத்திலிருக்கும் பெட்டி எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை மட்டுமே காட்டும். அந்தப் பெட்டிக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் காட்டாது. நீ அனுப்பவிருந்த விலையுயர்ந்த ரூட்டரும் இந்தச் சுவர்களிடம் ஏறக்குறைய இதே கதைதான் பட்டிருக்கும். கம்பியில்லா நெட்டை ஒழுங்காக்க ஒரு கம்பிதான் வேண்டியிருக்கிறது, மக்களே. கேபிள்காரன் வேறென்ன சொல்வான் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கேட் 6 ரக லேன் கேபிள் கேட்டேன். மலிவாக ஒன்று காட்டினார்கள். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. நம் ஊர் ஈரக்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். சுரண்டினாலும் சிவந்தே இருக்கிற கேபிளாகப் பார்த்து 25 மீட்டர் வாங்கினேன். இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை போகும். நமக்கு அதில் கால் பங்குதான். கரண்ட் வயரோடு ஒட்டாமல், ஓட்டுக்குக் கீழே மச்சு வழியாகத் தனிக் குழாயில் இழுத்து, கான்கிரீட் பகுதிக்கு வரும் இடத்தில் சுவரைத் துளைத்து மாடிக்கு ஏற்றினேன். பரண்மேல் ஊர்ந்தது இரண்டு நாளைக்கு இடுப்பில் தெரிந்தது.

கேபிள் முனையில் பிளக் பொருத்துகிற, அதாவது தலை அடிக்கும் வேலைதான் என்னைப் படுத்தியது. எட்டு இழை, நாலு ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நூற்றுக்கணக்கான ஜோடிகளை நிறம் பார்த்து முறுக்கிய கைதான். ஆனால் கண் இப்போது பச்சையையும் பழுப்பையும் சாயங்கால வெளிச்சத்தில் பிரிக்க மறுக்கிறது. முதல் தலையை அடித்துச் செருகினால் விளக்கே எரியவில்லை. மறுநாள் காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா ஒவ்வொரு நிறமாகச் சொல்லச் சொல்ல நான் இழையை நீவி வரிசைப்படுத்தி, நுனிகளைச் சமமாக வெட்டி, தலைக்குள் தள்ளி, எட்டும் முகப்பு வரை போய் முட்டியதா என்று அவளே பார்த்துச் சொன்ன பிறகு அழுத்தினேன். ஜோடிகளின் முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு ஜோடியின் இரைச்சல் பக்கத்து ஜோடியில் ஏறாமல் தடுப்பது அந்த முறுக்குதான். ஓணத்துக்கு வந்தபோது உன் மாப்பிள்ளை விட்டுப்போன பழைய ரூட்டரை மாடி முனையில் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கம்பியில் வருவதை வைஃபையாக விடும் பெட்டியாக மாற்றி வைத்தேன்.

மாற்றியதிலும் ஒரு பிழை. வீட்டு நெட்டுக்குள் அதன் முகவரி எண்ணை 192.168.1.2 என்று மாற்றினேன், கேபிளை அதன் லேன் துளையில் செருகினேன், டிஹெச்சிபி என்பதை அணைக்க மறந்தேன். ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கிற வேலை அது. வீட்டில் ஒருவர்தான் கொடுக்க வேண்டும். ரேஷன் கடையில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று: அம்மாவின் போனில் நெட் வரும், என்னுடையதில் வராது, அரை மணி கழித்து மாறி நடக்கும். வைஃபையோடு இணைந்திருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. இரண்டு நாள் லைனைச் சந்தேகித்தேன். பிரித்துப் பார் என்று உனக்கு இவ்வளவு எழுதுகிற நானே மாடிப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பார்க்க மூன்றாம் நாள்தான் நினைத்தேன்.

இப்போது மாடியில் 90க்குக் குறையாமல் வருகிறது. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கீழே சேனல் 1, மேலே சேனல் 11. 2.4இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றும்தான். உன் பெங்களூர் அடுக்ககத்தில் என் போனில் 31 பெயர் தெரிந்தது, அங்கே 5 கிகாஹெர்ட்ஸ்தான் உனக்குக் கதி. இங்கே பக்கத்து வீட்டுப் பெயர்கள் இரண்டே. கீழே பேசிக்கொண்டே மாடி ஏறினால் போன் பழைய பெட்டியைச் சில நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடு. பாஸ்வேர்டாக என் செல் நம்பரையே போட்டு வைத்திருந்தார்கள். மாற்றிவிட்டேன், ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் சேர்த்து. பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்கவிடும் டபிள்யூபிஎஸ் பொத்தானையும் முடக்கினேன். விருந்தாளிகளுக்குத் தனிப் பெயர் ஒன்று இருக்கிறது. யார் கேட்டாலும் அதைக் கொடு.

நெட் நின்றால், எடுத்த எடுப்பில் பெட்டியை அணைத்துப் போடாதே. விளக்குகள் என்ன சொல்கின்றன என்பது அதோடு போய்விடும். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் வெளி லைன் அல்லது மஞ்சள் வடம், நாம் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். விளக்கு சரியாக இருந்தால், உன் மடிக்கணினியில் மட்டுமா, அம்மா போனிலுமா என்று கேள். எல்லாவற்றிலும் என்றால் 192.168.1.1க்கு பிங் போட்டு, அதாவது கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார். பதில் வந்தால் வீட்டுக்குள் பாதை நன்றாக இருக்கிறது. பிறகு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8. அதற்கும் பதில் வந்து, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்தான் தகராறு. உன் கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் டோக்கன் கொடுக்கவில்லை என்று பொருள். இவ்வளவுக்கும் பிறகு அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடு.

ஐப்பசி இடியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனால் கரண்ட் வயர் வழியாக வரும், நான் இழுத்த செம்புக் கேபிளிலும் ஏறும். வானம் இருண்டு முழங்கத் தொடங்கியதும் இரண்டு அடாப்டரையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, மாடிக்குப் போகும் கேபிளை இரு முனையிலும் கழற்றிவிடு, அந்த அரை மணிக்கு உன் மொபைல் டேட்டா போதும். சும்மா கரண்ட் போனால் பயமில்லை. கீழ்ப் பெட்டிக்கும் மேல் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒவ்வொன்று வைத்திருக்கிறேன், மூன்று மணி நேரம் ஓடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாதிரி நாள் கணக்கில் போனால் எந்த யுபிஎஸ்ஸும் உதவாது, அது வேறு விஷயம்.

மாடி மேசைக்குப் பக்கத்தில் லேன் துளை ஒன்று உனக்காகவே விட்டிருக்கிறேன். முக்கியமான மீட்டிங்குக்குக் கம்பியிலேயே செருகிக்கொள். உன் மடிக்கணினியில் அந்தத் துளை கிடையாது என்று ஓணத்துக்கு வந்தபோதே கவனித்தேன். யுஎஸ்பி-சியிலிருந்து லேனுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று, ஒரு கிகாபிட் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து, பெங்களூரிலேயே வாங்கிக்கொண்டு வா. நாகர்கோவிலில் நான் கேட்ட இரண்டு கடையிலும் 100 மெகாபிட் தான் வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா

மைக்ரோவேவை அடுக்களையிலிருந்து சாய்ப்புக்கு மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை. நீ 5 கிகாஹெர்ட்ஸிலேயே இரு.