ஊசியை நிறுத்திய மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். மழை விடாததால் அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். போனில் பேசும்போது உன் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள், நீயும் "ம்" என்று வைத்துவிடுகிறாய், ஆகவே எழுதுகிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தபோது உன் சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவால் மாதவிடாய் வந்த தேதியைச் சுற்றி, அங்கிருந்து எண்ணிப் 14ஆம் நாளில் புள்ளி வைத்திருந்தாய். ஒரு மாதத்தில் வட்டமே இல்லை, அடுத்ததில் இரண்டு. மூன்று மாதக் கருத்தடை ஊசியை நீ நிறுத்திவிட்டதாக அக்கா முன்பே சொல்லியிருந்தாள், அவளைக் கோபிக்காதே. என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம்.

தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம், யாருக்கென்று சொல்லாமல் விசாரித்தேன். எல்லாம் விளக்கிவிட்டு, "இளைய மகள் சுகமா?" என்று கேட்டார்! கருத்தடை வில்லையை நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் ஒழுங்காகிவிடுமாம். ஊசி மருந்து உடம்பை விட்டு மெதுவாகவே நீங்குவதால், கருமுட்டை மறுபடி வெளியாகி மாதவிடாய் சீராக ஒரு வருடம் வரைகூட ஆகலாமாம். ஆகவே கர்ப்பப்பை கெட்டுப்போனது என்று உன் மாமியார் வீட்டில் யார் சொன்னாலும் நம்பாதே. வேலை நிரந்தரமாகும்வரை பொறுப்போம் என்று இருவரும் யோசித்து எடுத்த முடிவு அது. தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்தவள் இன்று கணக்காளராக இருப்பதில் எனக்குப் பெருமையே.

ஆனால் கணக்காளரே, காலண்டர் கணக்கு தவறு. கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. 40 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்கு அது 26ஆம் நாள் வாக்கில்தான் விழும். சுற்று மாறிக்கொண்டிருக்கும்போது நாள் பார்த்து வருந்தாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதுமாம். இதை எழுத எனக்கும் கூச்சம்தான்.

டாக்டரிடம் போ. தள்ளிப்போனதையெல்லாம் ஊசியின் மேல் போட்டுவிடாமல் முதலில் சிறுநீரைப் பரிசோதித்துப் பார், முழுகாமலும் இருக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி எல்லாம் பார்க்க வேண்டும். ஆவணியில் உனக்கு 35 ஆகிறது. அந்த வயதுக்கு மேல் கரு தங்காவிட்டால் ஒரு வருடம் காத்திராமல் ஆறு மாதத்திலேயே காட்டச் சொல்கிறார்கள். மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, பரிசோதனை அவருக்கும் வேண்டும். போலிக் அமில வில்லை தினமும் 400 மைக்ரோகிராம், கரு தங்கிய பிறகல்ல, இப்போதே தொடங்கு. வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்கிறாயாமே? மாரியம்மனுக்கு நான் விரதம் இருந்துகொள்கிறேன், நீ சாப்பிடு. டாக்டரிடம் போ.

தேதியை மட்டும் சொல், ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன். சம்பந்தியம்மாவிடம் என் முழங்கால் வலிக்கு மருந்தெடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா