சின்னவளின் குரல் பற்றி மச்சானுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

பதில் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. வீட்டில் எல்லாரும் சுகம். மாமியின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மாஸ்டர் அதே சைக்கிள், அதே பெல். பெரியண்ணையின் ‘பார்சிலோனா’ கசட் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடவில்லை. ரொக் பாடகர் ஃபிரெடி மெர்குரியும் ஒப்பரா பாடகி மொன்செராட் கபாயேயும் சேர்ந்து பாடியதைக் கேட்டு “இது சரிவராது” என்று சொன்னவன் நீ. இப்போது உன் மகளே அந்த வழியில் போகிறாள்!

சின்னவள் ரொக் பாண்டோடு பாடப்போகிறாள், இனி மேலைத்தேய இசை வகுப்பு வேண்டாமென்று நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். பாடட்டும், மறிக்காதே. வகுப்பை மட்டும் விடவிடாதே. அவள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற நைட்விஷ் ரொக் பாண்டின் முதல் பாடகி தார்யா துருனெனின் கதையையே அவளுக்கு எடுத்துச் சொல்.

தார்யா 1977இல் பின்லாந்தின் கிட்டே என்ற சிற்றூரில் பிறந்தவர். 1996இல் நைட்விஷ் தொடங்கியபோது அது வெறும் மரக்கிற்றார்ப் பாட்டுத்தான். அவருடைய குரலின் கனத்தை அந்த மெல்லிய வாத்தியம் தாங்கவில்லை, அதனால்தான் மின்கிற்றாரும் ட்ரம்ஸும் உள்ளே வந்தன. குரலுக்கேற்ற மாதிரி பாண்ட் மாறியது, மச்சான். சின்னவளின் பெடியன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 1998இல் ‘ஓஷன்போர்ன்’, 2000இல் ‘விஷ்மாஸ்டர்’ என்று இசைத்தட்டுகள் வந்தன. அவ்வளவு பெயர் வந்த பிறகும் அவர் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹ இசைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கத்தான் போனார். 2005 ஒக்டோபர் 21ஆம் திகதி, ஹெல்சிங்கியில் பெரிய கச்சேரி முடிந்த கையோடு, ஒரு பகிரங்கக் கடிதத்தால் பாண்ட் அவரை விலக்கிவிட்டது. 2007இல் சொந்தப் பெயரில் ‘மை வின்டர் ஸ்டோர்ம்’ வந்தது. 2015இல் கிற்றாரும் ட்ரம்ஸும் இல்லாமல், பல இசையமைப்பாளர்களின் ஆவே மரியா என்ற மாதா பாடல்களை மட்டுமே பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பாண்ட் போனது, படித்த படிப்பு போகவில்லை.

இனி நீ அனுப்பிய ஒலிப்பதிவு. பிள்ளை கத்துகிறாள். குற்றம் அவளுடையதல்ல. சுற்றிச் சத்தம் கூடினால் மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகிக்குத் தொண்டைதான் பலியாகும். ஒப்பரா மேடையில் மைக் இல்லாமலே குரல் கடைசி வரிசைவரை போவதற்குக் காரணம் உண்டு. சுரத்தின் உயரத்தை ஹேர்ட்ஸில் அளப்பார்கள்; வாத்தியக் குழுவின் பலம் 500 ஹேர்ட்ஸை அண்டியே குவிந்து, மேலே போகப் போகக் குறைந்துவிடும். 2000 முதல் 4000 வரை காது மிகக் கூர்மை. பயின்ற குரல் அந்த இடைவெளியால் வெளியே வரும். டிஸ்டோர்ஷன் போட்டுக் கரகரக்க வைத்த கிற்றார் வந்து குந்துவதும் அதே இடத்தில்தான்! அதனால் குரலின் வொல்யூமைக் கூட்டுவதில் பலனில்லை. மிக்சரில் கிற்றாரை 2500–3000 ஹேர்ட்ஸ் பக்கம் 3, 4 டெசிபல் குறைக்கச் சொல். குரலில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். உரத்த சத்தத்தை அமுக்கும் கம்ப்ரெஸர் 3க்கு 1 போதும், உச்சத்தில் 4 முதல் 6 டெசிபல் அமுங்கினால் சரி. அதற்கு மேல் அமுக்கினால் சொப்ரானோ என்ற உச்சப் பெண் குரலின் ஏற்ற இறக்கமே செத்துவிடும். வெறும் சீமெந்துச் சுவர் மண்டபத்தில் ரிவேர்ப் என்ற செயற்கை எதிரொலி கூடவே கூடாது, சுவரே போதுமான அளவு எதிரொலிக்கும்.

மைக்கையும் அவள் பொப் பாடகிகள் மாதிரி வாயோடு ஒட்டிப் பிடிக்கிறாள் போலிருக்கிறது. கீழ்ச் சுரங்களுக்கு நாலைந்து சென்ரிமீற்றர் சரி. கிட்ட வரும்போது அடித்தொனியும் தடிக்கும், அது அவளுக்கு உதவி. மேலே ஏறும்போது 15, 20 சென்ரிமீற்றர் விலக்க வேண்டும். கையை நீட்டி மடக்கும் இந்த வேலையையும் பாட்டோடு சேர்த்தே பயிலட்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தக் கூடாது, பொத்தினால் பாடகியை நோக்கி வைத்த ஸ்பீக்கரான மொனிட்டர் கூவத் தொடங்கும்.

பாண்ட் ஈ மைனர் (E minor) சுருதியை விடமாட்டேன் என்கிறதாம். கிற்றார்காரனுக்குத் திறந்த கம்பிகள் வசதி, விளங்குகிறது. ஆனால் நீ அனுப்பிய பாட்டின் சரணம் பியானோவின் நடு சீ (C) சுரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த இடத்தில் சொப்ரானோவின் தலைக்குரல் மெலிந்துதான் இருக்கும், ட்ரம்ஸ் விழுங்கிவிடும். மூன்று நாலு அரைச்சுரம் உயர்த்தினால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது பாட்டு எழுதும் பெடியனுக்கு. ‘விஷ்மாஸ்டர்’ பாட்டின் சொற்களைத் தவறாகக் கேட்டு எழுதிய வேடிக்கை வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். அதற்குக் காரணம் பாடகியின் உச்சரிப்பு மாத்திரமல்ல. “இ” என்ற உயிரை அடையாளம் காட்டும் முதல் ஒத்ததிர்வு, அதாவது வாய்க்குள் சத்தம் கூடி அதிரும் இடம், 300 ஹேர்ட்ஸ் அளவில்தான். மேல் ஏ (A) சுரம் 880 ஹேர்ட்ஸ். சுரமே அதைத் தாண்டிப் போய்விட்டால் பாடகி தாடையைத் திறந்தே ஆக வேண்டும், எந்த உயிரும் “ஆ” பக்கம் சாயும். “நீ”யை உச்சியில் நீட்டச் சொன்னால் “நா” என்றுதான் கேட்கும். நீட்ட வேண்டிய சொல்லை வானம், காற்று, தாகம் என்று ஆகாரத்தில் வைக்கட்டும். கதை சொல்லும் வரிகள் நடு ஸ்தாயியில் வரட்டும்.

மச்சான், இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். 17 வயதுக் குரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஒத்திகைக்கு முன் 15 நிமிடம் மூடிய வாய் ஹம்மிங், உதடு அதிர்த்தல், ஐந்து சுர ஏற்றயிறக்கம். முக்கால் மணிக்கு ஒருமுறை ஓய்வு. மறுநாள் காலை ஒரு சின்ன வரியை உயரத்தில், மிக மெல்லியதாகப் பாடிப் பார்க்கட்டும். சத்தம் வருமுன் வெறும் காற்று வந்தால் அன்று பாட்டு இல்லை, கிசுகிசுப்பும் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் கரகரப்பு நின்றால் தொண்டை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போ. கசாயத்தோடு காத்திருக்காதே.

ஆடியில் இங்கே டச் பே கடற்கரையில் நிகழ்ச்சி என்கிறார்கள். அது கச்சான் காற்று அடிக்கிற காலம், வெயிலும் வரண்ட காற்றும் மணலும் தொண்டையைக் காயவைக்கும். பின்னேரம் முழுக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும், மேடை ஏறும்போது குடித்து வேலையில்லை. மைக்குக்கு ஸ்பொஞ் உறை கட்டாயம். புகை மெஷினை அவளுக்குப் பின்னால் வைக்கச் சொல்.

அடுத்த ஒத்திகையில் போனை மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையில் வைத்து ஒலிப்பதிவு செய்து அனுப்பு. ஒருமுறை கிற்றாரோடு, ஒருமுறை கிற்றார் இல்லாமல். இரண்டையும் கேட்டால் எங்கே வெட்ட வேண்டுமென்று சரியாகச் சொல்லலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்