கேமில் இருக்கும் வடிகால் நாட்டில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெரும் பணக்காரர்கள் மேல் செல்வ வரி போடலாமா என்ற பேச்சு வந்தாலே, உழைத்துச் சம்பாதித்தவன் வைத்துக்கொள்கிறான், உனக்கு என்ன வந்தது என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நான் வருமான வரிக் கணக்கு பார்க்கும் ஒரு சின்ன ஆபீசில் வேலை செய்கிறேன். ராத்திரியில் கம்ப்யூட்டர் கேம் ஆடுவேன், அது இருபது வருடப் பழக்கம். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் கேம்களில் ஒரு அரக்கனைக் கொன்றால் கோல்டு, அதாவது கேமுக்குள் செல்லும் பணம், கிடைக்கும். அது யாருடைய பையிலிருந்தும் வருவதில்லை, அந்த நொடியில் புதிதாக உண்டாகிறது. இதை அப்படியே விட்டால் பழைய ஆட்களிடம் கோல்டு மலையாகக் குவியும், விலை எகிறும், நேற்று சேர்ந்த பையனால் ஒரு நல்ல வாள்கூட வாங்க முடியாது, வெறுத்துப்போய் அவன் கிளம்பிவிடுவான். அதனால்தான் கேம் செய்கிறவர்கள் சேர்ந்த கோல்டு வெளியேற முதலிலேயே வடிகால் வைக்கிறார்கள். ஏலத்தில் விற்றால் கமிஷன், கவசம் சேதமானால் ரிப்பேர் செலவு, இப்படி. 2003ல் வந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமை நடத்தும் ஐஸ்லாந்து கம்பெனி, 2007ல் ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தது. எவ்வளவு பணம் உண்டானது, எவ்வளவு வடிந்தது என்று மாதா மாதம் அறிக்கை வெளியிடுகிறது.

நம் நாட்டில்? குடும்பங்களின் சொத்தையும் கடனையும் பற்றி அரசு எடுத்த பெரிய கணக்கெடுப்பு 2013ல் ஒன்று, அதற்கப்புறம் 2019ல் ஒன்று. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி 2022-23ல் மேலே இருக்கும் 1 சதவீதம் பேரிடம் நாட்டுச் செல்வத்தில் 40.1 சதவீதம் இருந்தது.

வடிகால்கள் நம்மிடமும் இருந்தன. இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான வரி 1953ல் வந்தது, 1985ல் எடுத்துவிட்டார்கள். செல்வ வரி 1957ல் வந்தது, 2015 பட்ஜெட்டோடு போய்விட்டது. வசூல் குறைவு, வசூலிக்கும் செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் குறைவு என்பது உண்மைதான், ஆனால் ஏன் குறைவு? 1993க்குப் பிறகு செல்வ வரிக் கணக்கில் வீடு, நகர்ப்புற நிலம், கார், நகை இதெல்லாம் வரும், கம்பெனிப் பங்குகள் வராது. கோடீஸ்வரர்களின் செல்வம் பெரும்பாலும் பங்குகளில்தானே இருக்கிறது! வடிகாலின் வாயை நாமே அடைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று வடிகாலையே மூடியிருக்கிறோம்.

வடிகால் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கேம் போதும். 2021ல் கொரோனாவில் வேலை போன பிலிப்பைன்ஸ் மக்கள் ஆடிச் சம்பாதிக்கலாம் என்று இதில் இறங்கினார்கள். ஆட வேண்டுமென்றால் முதலில் மூன்று டிஜிட்டல் பிராணிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அவை உச்ச விலையில் இருந்தபோது ஏழைக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. கையில் பணம் இருந்தவர்கள் வாங்கி, இல்லாதவர்களிடம் ஆடக் கொடுத்துப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவது போலவேதான், நிலம் மட்டும் திரையில் இருந்தது. தினமும் ஆடுகிறவர்களால், விற்றுக் காசாக்கும் கேம் நாணயம் உண்டாகிக்கொண்டே போக, செலவாக வழி போதவில்லை. ஒரு வருடத்துக்குள் அதன் விலை 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முன்னாலேயே வந்தவர்கள் விற்றுவிட்டு வெளியேற நேரம் இருந்தது, கடன் வாங்கிக் கடைசியாக வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சீசன். டயாப்லோ மாதிரி கேம்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது சீசன் தொடங்கும், அதில் சேருகிற எல்லாரும் முதல் லெவலிலிருந்து, பழைய கோல்டு இல்லாமல் ஆட வேண்டும். திறமை இருப்பவன் மறுபடி மேலே வந்துவிடுகிறான், யாரும் அவனைத் தடுப்பதில்லை. நிஜ வாழ்க்கையில் அப்படி எல்லாவற்றையும் அழித்து ஆரம்பிக்கச் சொல்லவில்லை, அம்மா இருக்கும் வீட்டையோ மூன்று ஏக்கர் தோட்டத்தையோ தொடவும் சொல்லவில்லை. ஆனால் பல நூறு கோடி பிள்ளைக்குப் போகும்போது அந்தப் பிள்ளை அதற்காக ஒரு அரக்கனையும் கொல்லவில்லை. உழைத்தவன் வைத்துக்கொள்கிறான் என்ற வாதம் அந்த இடத்தில் நிற்காது.

2024 தேர்தல் நேரத்தில் வாரிசுச் சொத்து வரி என்ற பேச்சு எழுந்ததும் ஒரு பக்கம் தாக்கினார்கள், இன்னொரு பக்கம் அது எங்கள் திட்டமே இல்லை என்று விலகிக்கொண்டார்கள். எந்தத் தொகைக்கு மேல், எத்தனை சதவீதம் என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. உங்கள் பத்திரிகையாவது அந்தக் கணக்கை, பங்குகளையும் சேர்த்து, பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு